பூந்தொட்டியில் புதைத்த கோப்பை

சென்ற தீபாவளிக்கு ஸ்கூடாயில் ஒரு நண்பர் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போயிருந்தேன். சாப்பாடு வழக்கம்போல அமோகம். ரோஸ் சிராப் ஊற்றிக் கொடுத்த கோப்பையில்தான் புதுமை இருந்தது. கண்ணாடி மாதிரி தெளிவாக, பச்சை இலைப் படம் போட்டு, 'சோளத்தில் செய்தது, 100 விழுக்காடு மக்கும்' என்று எழுதியிருந்தது. வழக்கமான கோப்பையைவிட விலை அதிகம் என்றாலும் பிள்ளைகள் வற்புறுத்தியதால் வாங்கியதாக நண்பர் பெருமையோடு சொன்னார்.

அந்தக் கோப்பை ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்து கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தேன். தினமும் தண்ணீர், வேண்டிய அளவு வெயில், அவ்வப்போது சாண எரு. ஒன்பது மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தால், கழுவித் துடைத்துத் திரும்பவும் ரோஸ் சிராப் ஊற்றலாம் போல இருந்தது. இலைப் படம்கூட அழியவில்லை.

கோப்பை பொய் சொல்லவில்லை, ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை. அது பி.எல்.ஏ. எனப்படும் நெகிழி. சோளமோ கரும்போ தரும் சர்க்கரையைப் புளிக்க வைத்து லாக்டிக் அமிலமாக்கி, அந்த அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்துச் செய்வது. தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம்தான். இது மக்க வேண்டுமானால் ஈரத்தோடு ஏறக்குறைய 58 பாகை செல்சியஸ் சூடும் வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். அப்படிப்பட்ட சூடு பெரிய உரத் தொழிற்சாலையின் குவியலுக்குள்தான் கிடைக்கும். ஜொகூர் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் என் கறிவேப்பிலைத் தொட்டி அந்தச் சூட்டை எட்டப் போவதில்லை.

ஏறக்குறைய அதே சூட்டில்தான் பி.எல்.ஏ. இளகவும் தொடங்கும். அதில் கொதிக்கக் கொதிக்கத் தே தாரிக் ஊற்றினால் கோப்பை கையிலேயே குழைந்துவிடும். ரோஸ் சிராப்புக்கு மட்டும்தான் அந்தக் கோப்பை என்பதை நண்பருக்குக் கடைக்காரர் சொல்லவில்லை.

மக்கும் நெகிழி என்ற பெயரில் நம் கடைகளுக்கு வருவதெல்லாம் ஒரே சரக்கு அல்ல. இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. எதிலிருந்து செய்தார்கள் என்பது ஒன்று. தூக்கிப் போட்ட பிறகு என்ன ஆகும் என்பது இன்னொன்று. பிரேசிலில் 2010 முதல் கரும்புச் சாராயத்திலிருந்து பாலிஎத்திலீன் செய்கிறார்கள். மூலம் தாவரம்தான், ஆனால் நாம் கறிக்கடையில் வாங்கும் பை எத்தனை காலம் கிடக்குமோ அத்தனை காலம் அதுவும் கிடக்கும். மறுபக்கம், கல்லெண்ணெயிலிருந்து செய்தாலும் மக்கிப் போகிற நெகிழிகளும் உண்டு. 'பயோ' என்ற இரண்டெழுத்து இந்த இரண்டில் எதைச் சொல்கிறது என்று விளங்காதபடி அச்சடித்துவிட்டால் விற்பவருக்கு வசதி.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அதை வகை என்று சொல்வதே தவறு. 'ஆக்சோ' என்ற முன்னொட்டோடு வரும் பைகள் சாதாரண பாலிஎத்திலீனில் உலோக உப்பு கலந்து செய்தவை. வெயில் பட்டால் தூள் தூளாகும். கண்ணுக்குத் தெரியாமல் போவதும் மக்குவதும் ஒன்றல்லவே. ஐரோப்பிய ஒன்றியம் இவற்றை 2021 ஜூலை 3 முதல் முற்றாகத் தடை செய்துவிட்டது.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமொஜென் நேப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு என் தொட்டிக் கூத்தின் பெரிய வடிவம். ஐந்து வகைப் பைகளைக் காற்றிலும் மண்ணிலும் கடலிலும் மூன்று ஆண்டுகள் போட்டு வைத்தார்கள். 'மக்கும்' என்று எழுதியிருந்த பை மூன்று ஆண்டு மண்ணுக்குள் கிடந்த பிறகும் ஒரு பை நிறைய மளிகைச் சாமானைத் தாங்கியது. 'உரமாகும்' என்று எழுதியிருந்த பை கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் இருந்தது, ஆனால் சாமான் வைத்தால் கிழிந்துவிட்டது.

நம் ஊரில் அந்த தீபாவளிக் கோப்பை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். ஜொகூரில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்பது சட்டம். 2015 செப்டம்பரில் தொடங்கி 2016 ஜூன் முதல் அபராதத்தோடு நடைமுறைக்கு வந்தது. ஆனால் மக்கும் கோப்பையைச் சமையல் கழிவோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போக லோரி இல்லை. மறுசுழற்சித் தொட்டியில் போட்டால் அங்கே மற்ற நெகிழியோடு கலந்து அதையும் கெடுக்கும். மீதி இருக்கும் வழி செலோங் போன்ற குப்பை நிலம்தான். அங்கே காற்றில்லாத ஆழத்தில் பி.எல்.ஏ. அப்படியே கிடக்கும். எளிதில் மக்கும் பொருளாக இருந்தால் மீத்தேன் வாயுவாக மாறும். இரண்டும் நாம் காசு கொடுத்து வாங்கிய பலன் அல்ல.

இத்தாலியில் மக்கும் பை பயன் தருகிறதென்றால் காரணம் பை மட்டுமல்ல. மிலான் நகரத்தில் 2012 இறுதியில் தொடங்கி 2014-க்குள் எல்லா வீடுகளிலும் சமையல் கழிவைத் தனியாக வாங்க ஏற்பாடு செய்தார்கள். மக்கும் பையில் கழிவைக் கட்டிப் போட்டால் பையும் கழிவும் சேர்ந்தே உர ஆலைக்குப் போகும். முதலில் லோரி, பிறகு பை. நாம் பையை முதலில் வாங்கிவிட்டோம்.

இனி நமக்கு நெருக்கமான கதைக்கு வருகிறேன். தாவரத்திலிருந்து நீண்ட சங்கிலி மூலக்கூறு எடுப்பது மேலை நாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த வித்தை அல்ல. ரப்பர் பால் அதுதான். விடியற்காலை நாலரை மணிக்கு விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நம் பாட்டிமார் சீவிய மரத்திலிருந்து சொட்டியது உலகின் மிகப் பெரிய உயிரிமூலச் சரக்குகளில் ஒன்று. இன்று பி.எல்.ஏ. எளிதில் உடைந்துவிடுகிறது என்பதால், அதில் இயற்கை ரப்பரைக் கலந்து வளையச் செய்யும் ஆய்வுகள் மலேசிய ஆய்வுக்கூடங்களில் நடந்திருக்கின்றன. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கெனாஃப் நாரையும் செம்பனைக் குலையின் சக்கையையும் நெகிழியோடு சேர்த்து வலுவூட்டும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. வேலைக்குப் போகிற வழியில் அந்த வளாகத்தைக் கடப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ரப்பருக்குப் பிறகு செம்பனை. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் குமார் சுதேஷின் ஆய்வை நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கையாளும் சரக்கு பி.எச்.ஏ. இதை ஆலையில் செய்வதில்லை, பாக்டீரியாவே செய்கிறது. தீபாவளி மாதத்தில் முறுக்கும் அதிரசமும் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தால் நமக்குத் தொப்பை போடுகிறது அல்லவா? அதுபோல, தீனி அளவுக்கு மீறிக் கிடைத்து நைட்ரஜன் போன்ற சத்து மட்டும் குறைந்தால், சில பாக்டீரியாக்கள் மிஞ்சியதைத் தம் உடலுக்குள் சின்னச் சின்ன மணிகளாகச் சேமித்து வைக்கும். அந்த மணிகள்தாம் நெகிழி. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மொரிஸ் லெமுவான் 1926-இல் இதைக் கண்டு எழுதினார். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் இதைப் பெரிய அளவில் செய்து, 1990-இல் ஜெர்மனியில் ஷாம்பு போத்தலாகவே சந்தைக்கு வந்தது. விலை கட்டுபடியாகாமல் அந்த முயற்சி கைமாறிக் கைமாறித் தேய்ந்தது.

பாக்டீரியாவுக்கு என்ன தீனி போடுவது என்பதில்தான் நம் நாடு உள்ளே வருகிறது. மற்றவர்கள் சர்க்கரை போட்டார்கள். சுதேஷும் அவருடைய மாணவர்களும் செம்பனை எண்ணெய் போட்டார்கள். எண்ணெயில் கரிமம் அடர்த்தியாக இருப்பதால் அதே எடைத் தீனிக்குக் கிடைக்கும் நெகிழி அதிகம். 2000-ஆம் ஆண்டு ஜப்பானின் அபே, டோய் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய நீண்ட மதிப்பாய்வு, இந்தத் துறைக்கு வரும் எவரும் முதலில் புரட்டும் கட்டுரைகளில் ஒன்று.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. பாக்டீரியாவின் உடலுக்குள் இருக்கும் மணியை வெளியே எடுக்க குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான் வேண்டும். சுற்றுச்சூழலைக் காப்பாற்றச் செய்யும் நெகிழிக்கு நச்சுத் திரவமா? சுதேஷ் குழுவினர் உலர்த்திய பாக்டீரியாவை மாவுப்புழுவுக்குத் தின்னக் கொடுத்தார்கள். பறவை வளர்ப்பவர்கள் கடையில் வாங்குவார்களே, அந்தப் புழுதான். புழு பாக்டீரியாவின் புரதத்தைச் செரித்துக் கொழுக்கிறது. நெகிழி மணி செரிப்பதில்லை, எச்சத்தில் வெளியே வந்துவிடுகிறது. அதைக் கழுவி எடுத்தால் வெள்ளை மணிகள். கொழுத்த புழு மீனுக்கும் கோழிக்கும் தீனி. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்பது பழமொழியில்தான் சுலபம், இங்கே ஆய்வுக்கூடத்திலேயே விழுந்திருக்கிறது. 2016-இல் வெளியான இந்த ஆய்வுக்கு முன் எலிகளை வைத்தும் இதையே செய்து பார்த்தார்கள்.

ஷா ஆலாமில் சிரிம் நிறுவனம், இரண்டு உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யோடும் கூட்டுச் சேர்ந்து பி.எச்.ஏ.வுக்கு ஒரு முன்னோட்ட ஆலையை அமைத்து 2011-இல் திறந்தது. இத்தனை ஆண்டாகியும் ஜொகூர் கடைத்தெருவில் மலேசியச் செம்பனையில் செய்த பி.எச்.ஏ. பை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அறிவு குறைவா? இல்லை. பாலிஎத்திலீனைவிட இது பல மடங்கு விலை. அந்த வித்தியாசத்தை யார் கட்டுவது என்று முடிவு செய்யாமல் எந்த ஆலையும் பெரிதாகாது.

ஐரோப்பாவில் அந்தச் செலவில் ஒரு பங்கை அரசே ஏற்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து 2021 முதல் 2031 வரைக்கும் இரண்டு பில்லியன் யூரோவை உயிரிமூலத் தொழில்களுக்கு ஒதுக்கியிருக்கின்றன. பணம் வேண்டுமென்றால் தனியாகப் போக முடியாது. ஒரு நாட்டுப் பல்கலைக்கழகம், இன்னொரு நாட்டு ஆலை, மூன்றாவது நாட்டு விவசாயிகள் கூட்டுறவு என்று ஒரே மேசையில் உட்கார்ந்து வர வேண்டும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து ஆய்வாளர்கள் இப்படித்தான் பல நாட்டாரைச் சேர்த்து, பாலாடைக்கட்டி செய்யும்போது வடியும் தண்ணீரிலிருந்தும், பிறகு இறைச்சிக்கூடக் கொழுப்பிலிருந்தும் பி.எச்.ஏ. எடுக்கும் திட்டங்களை நடத்தினார்கள்.

அதே ஐரோப்பா வேறொன்றும் செய்தது. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிகளுக்கான சட்டத்தில் பி.எச்.ஏ.வும் நெகிழிதான், அதில் செய்த உறிஞ்சுகுழலுக்கும் தடைதான் என்று 2021-இல் விளக்கம் கொடுத்துவிட்டது. பாக்டீரியா இயற்கையாகச் செய்வதுதானே என்று தொழில் தரப்பு வாதாடியது. இயற்கையில் தானாக நடப்பது வேறு, தொழிற்சாலைத் தொட்டியில் நடப்பது வேறு என்பது பதில். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதுபோல் தெரிந்தாலும் எனக்கு அது சரியென்றே படுகிறது. ஐந்து நிமிடம் உறிஞ்சிவிட்டுத் தூக்கிப் போடும் குழலுக்கு ஆய்வாளரின் இருபது ஆண்டு உழைப்பு வேண்டியதில்லை. வயலில் போட்டுத் திரும்ப எடுக்க முடியாத மூடுபடலத்துக்கும் மீன்வலைக்கும் அது வேண்டும்.

ஐரோப்பாவின் உயிரிமூல நெகிழிக்கும் ஜொகூருக்கும் நேரடித் தொடர்பு ஒன்று இருக்கிறது. அது ஆய்வுக்கூடத்தில் அல்ல, நம் வாணலியில் இருக்கிறது. இரண்டாவது இணைப்புப் பாலத்துக்கு அப்பால் துவாஸில் பின்லாந்தின் நெஸ்டே நிறுவனம் 2010-இல் ஆலை திறந்தது. 2023-இல் விரிவாக்கிய பிறகு அதன் திறன் ஆண்டுக்கு 2.6 மில்லியன் டன். பயன்படுத்திய சமையல் எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் உள்ளே போகின்றன. வெளியே வருவதில் பெரும்பகுதி விமானத்துக்கும் லோரிக்கும் எரிபொருள். நெகிழி ஆலைக்கான மூலப்பொருளும் அந்த நிறுவனத்தின் சரக்கில் உண்டு. 2019-இல் ஜெர்மனியின் வெஸ்லிங் நகரத்து ஆலையில் நெஸ்டேயின் மூலப்பொருளைக் கொண்டு உணவுப் பொட்டலத்துக்கான நெகிழி வணிக அளவில் செய்யப்பட்டது. நம் பக்கம் பெங்கேராங்கில் பெட்ரோனாஸ், இத்தாலியின் எனிலைவ், ஜப்பானின் யூக்ளினா மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 650,000 டன் மூலப்பொருளைக் கையாளும் ஆலை கட்ட 2024 ஜூலையில் முடிவு செய்தன. 2028-இன் இரண்டாம் பாதியில் ஓடத் தொடங்க வேண்டும். அங்கே வரும் சரக்கில் ஒன்று உயிரி நாஃப்தா. நெகிழி ஆலையில் கல்லெண்ணெய் நாஃப்தா செய்யும் வேலையை அது அப்படியே செய்யும்.

இதில் கணக்கு ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கோயில் அன்னதானத்துக்குப் பத்து வீட்டார் அரிசி கொடுக்கிறார்கள், அதில் ஒருவர் மட்டும் இயற்கை அரிசி. எல்லாம் ஒரே அண்டாவில்தான் வேகிறது. பத்தில் ஒரு பங்குச் சோற்றை 'இயற்கைச் சோறு' என்று எழுதிக் கொடுக்கலாம், ஆனால் இலையில் விழுந்த பருக்கை யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. நெகிழி ஆலையிலும் இப்படித்தான் கணக்கு வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் பையில் இலைப் படம் போடும்போது அண்டாவையும் காட்டினால் நன்றாக இருக்கும்.

வாணலிக்கு வருகிறேன். உதவித்தொகையோடு ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2 வெள்ளி 50 காசுக்கு வருகிறது. பொரித்து முடித்த எண்ணெயை வாங்க வருபவர் அதைவிட அதிக விலை கொடுக்கும் காலங்கள் உண்டு. புது எண்ணெயைவிடப் பழைய எண்ணெய்க்கு மவுசு! புது எண்ணெயையே 'பழையது' என்று எழுதி அனுப்புகிறார்களோ என்ற சந்தேகம் ஐரோப்பாவில் எழுந்தது இதனால்தான். புதுச் செம்பனை எண்ணெயில் செய்த எரிபொருளைக் காடழிப்பைக் காரணம் காட்டி 2030-க்குள் கணக்கிலிருந்து நீக்க ஐரோப்பா 2019-இல் விதி செய்தது. மலேசியா உலக வணிக நிறுவனத்தில் வழக்குப் போட்டு, 2024 மார்ச்சில் பாதி வெற்றி, பாதி தோல்வி என்று தீர்ப்பு வந்தது. ஆக, அதே மரத்து எண்ணெய், நம் வீட்டில் ஒருமுறை பொரித்த பிறகு ஐரோப்பாவுக்கு நல்லதாகிவிடுகிறது. சாக்கடையில் ஊற்றுவதைவிட விற்பது மேல்தான். ஆனால் ஏழைக்கான உதவித்தொகை எண்ணெய் யாருடைய பசுமைக் கணக்கில் போய்ச் சேருகிறது என்று நாடாளுமன்றத்தில் யாராவது கேட்டால் தேவலை.

வேதியியல், நுண்ணுயிரியல், உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு செய்தி. ஐரோப்பாவின் மேரி ஸ்க்ளோடோவ்ஸ்கா கியூரி முனைவர் பட்டத் திட்டத்தில் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணத்துக்குக் கடன் வாங்கிப் போகும் படிப்பு அல்ல. வேலை ஒப்பந்தம், சம்பளம் எல்லாம் உண்டு. போகப் போகிற நாட்டில் கடந்த மூன்று ஆண்டுகளில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது முக்கியமான நிபந்தனை. ஜொகூரில் பிறந்து வளர்ந்து இங்கேயே படித்த பிள்ளைக்கு அது நிபந்தனையே இல்லை.

மாசாயில் வீட்டுச் சமையல் செய்து விற்கும் ஓர் அக்கா எனக்குப் பழக்கம். நெகிழிப் பெட்டியை விட்டுவிடலாமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் தெரிந்துகொண்டதை எல்லாம் அவரிடம் கொட்டினேன். கரும்புச் சக்கைப் பெட்டி நல்லது, ஆனால் மீன்குழம்பு ஊறாமல் இருக்க அதில் என்ன பூசியிருக்கிறார்கள் என்று கேளுங்கள், எண்ணெயையும் தண்ணீரையும் விலக்கும் சில ஃபுளோரின் இரசாயனங்களுக்கு உணவுப் பொட்டலங்களில் 2026 ஆகஸ்ட் முதல் ஐரோப்பாவில் கடும் வரம்பு இருக்கிறது. சிரிம் ஈகோ 001 முத்திரை இருக்கிறதா பாருங்கள். 'ஆக்சோ' இருந்தால் வாங்காதீர்கள். நாசி லெமாக் கட்டும் பழுப்புக் காகிதத்திலும் உட்பக்கம் நெகிழிப் பூச்சு இருக்கிறது, வாழையிலை போட்டாலும் வெளியே அதுதான்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, ஒரு பெட்டிக்கு இருபது காசு ஏறினால் எனக்கு மாசத்துக்கு எவ்வளவு ஆகும் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். ஒரு நாளைக்கு எண்பது பெட்டி, மாதம் இருபத்தாறு நாள். 416 வெள்ளி. அவர் வீட்டு மின்கட்டணத்தைவிட அதிகம்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தாமானுக்குள் வாடிக்கையாக வாங்கும் இருபத்திரண்டு வீட்டுக்கு எவர்சில்வர் அடுக்குச்சட்டி, ஒரு சட்டிக்கு இருபது வெள்ளி முன்பணம். வெளியாருக்குப் பழைய நெகிழிப் பெட்டியே. போன வாரம் பார்த்தபோது எப்படிப் போகிறது என்று கேட்டேன். "மூணு சட்டி இன்னும் திரும்பி வரலை. கேட்டா, முன்பணத்தை நீங்களே வெச்சுக்குங்க அக்கா, சட்டி ரொம்ப நல்லா இருக்குங்கிறாங்க."